பழைய கணினியில் புதிய இயங்குதளமா? முதலில் பிராசசரைக் கேளுங்கள்

சென்ற மாதம் என் சித்தப்பா மகள் தன் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விண்டோஸ் 7 இருந்த கணினி அது. புதிதாக ஏதாவது இயங்குதளம் போட்டுத் தரும்படி ஒரு கடையில் கேட்டிருக்கிறாள். "இது 32 பிட் கணினி, இனி எதுவும் ஏறாது, பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடையில் சொன்னது போலவே, 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் '32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வரி மேலே பிராசசரின் பெயரும் இருந்தது: இன்டெல் கோர் 2 டுவோ டி6570. கோர் 2 டுவோ வரிசையில் 64 பிட் இல்லாத பிராசசர் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு ஜிபி நினைவகத்தை நான்காக்கி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 64 பிட் பதிப்பை நிறுவினோம். இப்போது அவள் அதில்தான் படிக்கிறாள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தார். அந்த வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. அது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் இயங்குதளத்தைப் பற்றிய தகவல். பிராசசரின் திறனைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. நல்ல கணினிகள் குப்பைக்குப் போவதற்கும், தவறான கோப்பை மணிக்கணக்கில் பதிவிறக்கம் செய்துவிட்டு ஏமாந்து நிற்பதற்கும் இந்தக் குழப்பமே முதற்காரணம் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் 'செயலி' என்ற சொல் இன்று கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் குறிக்கிறது, கணினியின் மூளையான சிபியுவையும் குறிக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரை முழுவதும் பிராசசர் என்றே எழுதுகிறேன். கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

32, 64: இரண்டு இடங்களில் இரண்டு பொருள்

இன்டெல் 1985-இல் வெளியிட்ட 80386 முதல், நம் மேசைக் கணினிகள் நெடுங்காலம் 32 பிட் பிராசசர்களிலேயே ஓடின. 32 பிட் முகவரியால் எண்ணக்கூடிய பைட்டுகள் ஏறத்தாழ 429 கோடி, அதாவது நான்கு ஜிபி. இதே குடும்பத்தில் 64 பிட் முகவரியால் அந்த எல்லையைத் தாண்டும் வழியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி. 2003 ஏப்ரலில் ஆப்டிரான், அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டுக் கணினிகளுக்கான ஆத்லான் 64. இன்டெல் அதே வடிவமைப்பை 2004-இல் ஏற்றுக்கொண்டது.

பதிவிறக்கப் பக்கங்களில் பலரைத் தடுமாற வைக்கும் ஒரு பெயருக்கு இந்த வரலாறுதான் காரணம். 64 பிட் கோப்புக்குப் பல லினக்ஸ் வெளியீடுகள் 'ஏஎம்டி64' என்றே பெயரிடுகின்றன. 'என்னுடையது இன்டெல் ஆயிற்றே' என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் வடிவமைத்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இன்டெல் 64 பிட் பிராசசருக்கும் அதே கோப்புதான். 'எக்ஸ்86-64', 'எக்ஸ்64' ஆகியவையும் இதன் மறுபெயர்களே. 'ஐ386', 'ஐ686', வெறும் 'எக்ஸ்86' என்று இருந்தால் அது 32 பிட். 'ஐஏ64' என்று எங்காவது பார்த்தால் விலகிப் போங்கள். அது இட்டானியம் என்ற வேறு குடும்பத்துக்கு உரியது. 'ஆர்ம்64' என்பதும் வேறு குடும்பம்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். 64 பிட் பிராசசரில் 32 பிட் இயங்குதளம் தாராளமாக ஓடும். 32 பிட் பிராசசரில் 64 பிட் இயங்குதளம் ஓடவே ஓடாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. அது ஏறிய மலிவு மடிக்கணினிகள் எல்லாம், உள்ளே எந்தப் பிராசசர் இருந்தாலும், '32 பிட்' என்றுதான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றையும் பிராசசரைப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால்

இதுதான் எளிய நிலை. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பாஸ் (Pause) விசையைத் தட்டினால் சிஸ்டம் பக்கம் திறக்கும். அந்த விசை இல்லாத மடிக்கணினியில், எக்ஸ்பியாக இருந்தால் மை கம்ப்யூட்டர் மீதும், விண்டோஸ் 7-ஆக இருந்தால் கம்ப்யூட்டர் மீதும் வலப்பக்கச் சொடுக்கு செய்து பிராப்பர்டீஸைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போக வேண்டும்.

விண்டோஸ் 10 இந்த விஷயத்தில் நேர்மையாகப் பேசும். '32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு பிராசசர்' என்று இருந்தால், முதல் பாதி இயங்குதளத்தைப் பற்றியது, இரண்டாம் பாதி பிராசசரைப் பற்றியது. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பாதி. அங்கே 'எக்ஸ்86 பேஸ்டு' என்று இருந்தால் பிராசசரே 32 பிட்தான்.

விண்டோஸ் 7-இல் அந்த இரண்டாம் பாதி இல்லை. கண்ட்ரோல் பேனலில் 'பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்' பகுதிக்குப் போய், விரிவான தகவலைக் காட்டும் இணைப்பைச் சொடுக்கினால், '64 பிட் கேப்பபிள்' என்ற வரியில் ஆம் அல்லது இல்லை என்று தெரியும். எக்ஸ்பியில் அதுவும் கிடையாது. எக்ஸ்பிக்கு, ஏன் எல்லா விண்டோசுக்கும், சிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளை நம்பலாம். அதன் 32 பிட் பதிப்பை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தால் போதும். முதல் பக்கத்தில் 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அதில் இன்டெல் பிராசசருக்கு 'இஎம்64டி' என்றோ, ஏஎம்டி பிராசசருக்கு 'எக்ஸ்86-64' என்றோ இருந்தால் அது 64 பிட். அந்த வரி முழுவதையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அதிலிருந்தே இன்னொன்றும் பார்க்கப் போகிறோம்.

எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டச்சு செய்து பார்க்கும்படி சிலர் சொல்வார்கள். அதில் வரும் 'எக்ஸ்86 பேஸ்டு பிசி' என்ற வரியும் ஓடும் விண்டோசைத்தான் குறிக்கிறது. கடைக்காரர் விழுந்த அதே குழியில் இதை நம்பி நாமும் விழலாம். ஆனால் விண்டோஸ் 8 முதல் அந்தப் பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரி ஒன்று இருக்கும். பயாஸ் என்பது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். அதன் பழைய முறை லெகசி, புதிய முறை யுஇஎஃப்ஐ. லெகசி என்று இருக்கிறதா, யுஇஎஃப்ஐ என்று இருக்கிறதா என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் திறக்கவில்லை, அல்லது வன்தட்டே இல்லை என்றால்

கணினியை இயக்கியவுடன் பயாஸ் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் டெலீட் விசை. மடிக்கணினிகளில் எஃப்2, சிலவற்றில் எஃப்10, பழைய திங்க்பேடுகளில் எஃப்1. முதல் பக்கத்திலேயே பிராசசரின் பெயர் இருக்கும்; சில கணினிகளில் '64 பிட் டெக்னாலஜி' என்ற வரியும் இருக்கும். பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கும்போதே தேதியையும் பாருங்கள். 2000 அல்லது 2005 என்று காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி பின்தங்கியிருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். நிறுவும் நேரத்தில் மென்பொருள்களைப் பதிவிறக்கம் செய்வதும் பாதியில் நிற்கும். மின்கலத்தை மாற்றிவிடுங்கள், மிகச் சிறிய செலவுதான்.

பெயரைப் படித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், 32 பிட் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பதுதான் என் விருப்பமான வழி. ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நான்கு ஜிபி பென் டிரைவ் போதும். 32 பிட் என்பதால் இருவகைப் பிராசசரிலும் அது திறக்கும். வேறொரு கணினியில் ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். பழைய கணினியை இயக்கும்போது துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்துங்கள். பலவற்றில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12 பட்டியலை முதலில் பயாசுக்குள் போய் அனுமதித்தால்தான் வேலை செய்யும். இருபது வருடத்துக்கு முந்தைய சில கணினிகள் பென் டிரைவிலிருந்து துவங்கவே துவங்காது. அவற்றுக்குக் குறுந்தகடுதான்.

லினக்ஸ் திறந்ததும் முனையத்தில் எல்எஸ்சிபியு என்ற கட்டளையைக் கொடுங்கள். எல், எஸ், சி, பி, யு என்று ஐந்து எழுத்துகள், இடைவெளி இல்லை. மேலே வரும் சில வரிகளில் 'சிபியு ஆப்-மோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். '32 பிட், 64 பிட்' என்று இரண்டும் இருந்தால் பிராசசர் 64 பிட். '32 பிட்' மட்டும் இருந்தால் 32. யுநேம் கட்டளையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், வகையைத்தான் சொல்லும்.

கீழே 'ஃபிளாக்ஸ்' என்ற நீண்ட பத்தி வரும். பிராசசருக்குத் தெரிந்த திறன்கள் எல்லாம் அதில் சுருக்கெழுத்தாக இருக்கும். 'எல்எம்' என்று தனித்து நிற்கும் இரண்டெழுத்துச் சொல்தான் 64 பிட்டின் அடையாளம். இங்கே கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர் உள்ள நெட்புக் ஒன்றில் இந்தப் பத்தியைப் படித்தபோது நானே ஒருமுறை ஏமாறினேன். அதில் 'லாஃப்_எல்எம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'டிடிஇஎஸ்64' என்று இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றின் வாலில் எல்எம், மற்றொன்றின் வாலில் 64. இரண்டையும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு 64 பிட் கோப்பை இறக்கத் தொடங்கிவிட்டேன். என்270 முழுக்க முழுக்க 32 பிட் பிராசசர். இருபுறமும் இடைவெளியோடு எல்எம் தனியாக நிற்க வேண்டும். அது மட்டுமே கணக்கு.

பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கும் கலை

கணினியைத் திறக்க முடியாத நேரமும் உண்டு. பழைய பொருள் விற்கும் இடத்தில் நின்றுகொண்டு வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது, கையில் இருப்பது பெயர் மட்டும்தான். அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் காசு மிச்சம்.

இன்டெல் கோர் ஐ3, ஐ5, ஐ7 எல்லாமே 64 பிட். கோர் 2 என்று தொடங்குபவை எல்லாமே 64 பிட். ஏஎம்டியில் ஆத்லான் 64, டூரியான் 64, ஃபீனம், ரைசன் எதுவானாலும் 64 பிட். வெறும் ஆத்லான் எக்ஸ்பி 32.

சிக்கல் 2004 முதல் 2010 வரையிலான இன்டெல் பெயர்களில்தான். 'கோர் டுவோ' என்பதும் 'கோர் 2 டுவோ' என்பதும் ஒன்றல்ல. 2006 ஜனவரியில் வந்த கோர் டுவோ 32 பிட். அதே ஆண்டு ஜூலையில் வந்த கோர் 2 டுவோ 64 பிட். நடுவில் இருக்கும் அந்த ஒற்றை 2-க்கு அவ்வளவு மதிப்பு. பென்டியம் எம் எல்லாம் 32. பென்டியம் 4 இரு வகையிலும் வந்தது. பெயரை வைத்து முடிவு செய்யாமல் சிபியு-இசட் கொண்டு பாருங்கள்.

'பென்டியம் டூயல்-கோர்' இதையெல்லாம்விட மோசம். மடிக்கணினிகளில் டி2060, டி2080, டி2130 ஆகியவை பழைய கோர் டுவோவின் உறவுகள், 32 பிட். டி2310, டி2330, டி2370, டி2390 ஆகியவை கோர் 2-இன் உறவுகள், 64 பிட். ஒட்டுவில்லையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். செலரான் எம்-இலும் அதே கதை: 410 முதல் 450 வரை 32 பிட், 520, 530 ஆகியவை 64. நெட்புக்குகளில் ஆட்டம் என்270, என்280 இரண்டும் 32. என்450, என்455, என்550 ஆகியவை 64.

ஒட்டுவில்லையை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் கை மேசைக் கணினிகளில் மதர்போர்டையும் பிராசசரையும் எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். பெட்டியின் முகப்பில் ஒட்டியது மட்டும் அப்படியே இருக்கும். அதற்காக ஹீட் சிங்க்கைக் கழற்றி, பிராசசர் மேல் பொறித்திருப்பதைப் படிக்கவும் வேண்டாம். இறுகிப்போன வெப்பப் பசையோடு பிராசசரே பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துபோகும். மென்பொருளால் அறியக்கூடியதை மென்பொருளாலேயே அறியுங்கள்.

64 பிட்தான் என்று உறுதியான பிறகு

இத்தோடு வேலை முடிந்தது என்று முன்பெல்லாம் சொல்லிவிடலாம். இன்று முடியாது. 64 பிட் பிராசசர்களுக்குள்ளேயே தலைமுறைகள் பிரிந்துவிட்டன. லினக்ஸ் உலகம் 2020-இல் இவற்றுக்கு நான்கு நிலைகள் வகுத்தது. முதல் நிலை 2003-இன் அடிப்படைத் திறன். இரண்டாம் நிலைக்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் போன்ற கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். இன்டெலில் இவை 2008-இன் நெஹாலெம் தலைமுறையிலும், ஏஎம்டியில் 2011-இன் புல்டோசரிலும் முழுமையாக வந்து சேர்ந்தன. மூன்றாம் நிலைக்கு ஏவிஎக்ஸ்2 வேண்டும். இன்டெலில் 2013-இன் ஹாஸ்வெல் அதற்குத் தொடக்கம். நான்காம் நிலை பழைய கணினிக்காரர்களுக்குத் தேவையில்லை.

இது வெறும் ஏட்டுப் பிரிவு இல்லை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ4.2-உம் பாப்கவுண்ட்டும் இல்லாத பிராசசரில் துவங்கவே துவங்காது. கோர் 2 டுவோவுக்கு இவை தெரியாது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் சோதனையைத் தாண்ட ஆயிரம் குறுக்குவழிகள் சொல்வார்கள். ஆனால் பிராசசருக்குள் இல்லாத கட்டளையை எந்தக் குறுக்குவழியும் கொண்டுவந்து வைக்காது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 இரண்டாம் நிலையைக் கேட்கிறது, 2025-இல் வந்த 10 மூன்றாம் நிலையைக் கேட்கிறது. ஓப்பன்சூசே லீப் 16-க்கு இரண்டாம் நிலை வேண்டும். டெபியன் 13, உபுண்டு 24.04, அதன் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 ஆகியவை இன்னும் முதல் நிலையோடு திருப்தி அடைகின்றன. என் சித்தப்பா மகளின் கணினியில் மின்ட் ஏறியது அதனால்தான்.

எடுத்து வைத்த சிபியு-இசட் படத்தை இப்போது மீண்டும் பாருங்கள். எஸ்எஸ்இ4.2 இருக்கிறதா? ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா? லினக்சில் பார்த்தவர்கள் ஃபிளாக்ஸ் பத்தியில் எஸ்எஸ்இ4_2, பாப்சிஎன்டி, ஏவிஎக்ஸ்2 என்று தேடுங்கள். வாங்கிய ஆண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஹாஸ்வெல் காலத்திலும் அதற்குப் பிந்தைய சில தலைமுறைகளிலும் பென்டியம், செலரான் பெயரில் விற்ற மலிவுப் பிராசசர்களுக்கு ஏவிஎக்ஸ்2 திறனை இன்டெல் கொடுக்கவில்லை. 2016-இல் வாங்கிய பென்டியம் கணினி, 2013-இன் ஐ5 கணினிக்கு இந்த விஷயத்தில் பின்தங்கி நிற்கும்.

விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வேண்டும் என்றால் இன்னும் கடுமை: இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அவற்றுக்கு மேல். கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட், நான்கு ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம். இன்டெல் பெயரில் கோடுக்குப் பின்வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: ஐ5-3320எம் மூன்றாம் தலைமுறை, ஐ5-8250யு எட்டாம் தலைமுறை.

ஃபர்ம்வேர் என்ற மறைந்திருக்கும் பூட்டு

பிராசசர் 64 பிட், பதிவிறக்கம் செய்த கோப்பும் 64 பிட், ஆனாலும் பென் டிரைவ் துவக்கப் பட்டியலில் தெரியவே இல்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் ஃபர்ம்வேரை, அதாவது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ மென்பொருளை, சந்தேகியுங்கள். 2014 வாக்கில் விற்ற சிறிய டேப்லெட் கணினிகள், கழற்றி மாட்டும் மடிக்கணினிகள் பலவற்றில் ஆட்டம் இசட்3735எஃப் பிராசசர் இருந்தது. அது 64 பிட். ஆனால் தயாரிப்பாளர்கள் அதோடு 32 பிட் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள். 2006, 2007 காலத்து ஆப்பிள் மேக் கணினிகள் சிலவற்றிலும் இதே பொருத்தமின்மை உண்டு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எம்எஸ்இன்ஃபோ32 பக்கத்தில் குறித்து வைத்தீர்களே, அதை எடுங்கள். யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் விண்டோசும் ஃபர்ம்வேரும் ஒரே பிட் அளவில்தான் இருக்க முடியும். ஆகவே 'பயாஸ் மோட்' யுஇஎஃப்ஐ என்றும், 'சிஸ்டம் டைப்' எக்ஸ்86 என்றும் இருந்தால் ஃபர்ம்வேர் 32 பிட். 'லெகசி' என்று இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். 32 பிட் ஃபர்ம்வேரில் 64 பிட் விண்டோசைத் துவக்க முடியாது. லினக்சில் ஃபெடோரா 27-லிருந்து இந்தக் கலப்பு நிலைக்கு ஆதரவு இருக்கிறது. டெபியனும் இதைச் சமாளிக்கும்.

நினைவகத்தையும் ஒரு பார்வை

பிராசசர் இடம் கொடுத்தாலும் நினைவகம் கொடுக்காமல் போகலாம். ஆட்டம் என்450 64 பிட்தான், ஆனால் இரண்டு ஜிபிக்கு மேல் அது ஏற்காது. லினக்ஸ் மின்ட் 22-க்கு இரண்டு ஜிபி குறைந்தபட்சம், நான்கு இருந்தால் வசதி. என் அனுபவத்தில் இரண்டு ஜிபியில் மின்ட் திறக்கும், உலாவியில் நான்காவது தாவலைத் திறந்ததும் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கணினிக்கு ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த 64 பிட் வெளியீட்டைத்தான் பரிந்துரைப்பேன். வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம், வேறெந்தச் செலவிலும் கிடைக்காது.

பிராசசர் 32 பிட்தான் என்று தெரிந்துவிட்டால்

மனம் தளர வேண்டாம், ஆனால் உண்மை நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். ஃபெடோரா 2019-இல் 32 பிட் நிறுவல் கோப்புகளை நிறுத்திவிட்டது. லினக்ஸ் மின்டின் முதன்மை வரிசையில் கடைசி 32 பிட் பதிப்பு 19.3, அதன் ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவல் கோப்பு இல்லை. இன்று கைகொடுப்பது டெபியன் 12. அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை திட்டமிடப்பட்டிருக்கிறது. 32 பிட் விண்டோஸ் 10-உம் உண்டு, ஆனால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

இயங்குதளத்தைவிடப் பெரிய தடை உலாவி. லினக்சில் 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்சும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்சை விட்டு விலகியது. வங்கிக் கணக்கைத் திறக்கும் வேலையை அத்தகைய கணினிக்குக் கொடுக்காதீர்கள். தட்டச்சுப் பழக, பாட்டுக் கேட்க, சேமித்து வைத்த நூல்களைப் படிக்க, குழந்தைகள் நிரலெழுதிப் பழக அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பென்டியம் எம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 2003 காலத்தின் முதல் தலைமுறைப் பென்டியம் எம், நான்கு ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்ட உதவும் பிஏஇ என்ற திறனைத் தன்னிடம் வைத்துக்கொண்டே வெளியில் சொல்லாது. 'பிஏஇ இல்லை' என்று லினக்ஸ் நின்றுவிட்டால், துவக்க வரியின் கடைசியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று ஒரே சொல்லாகச் சேர்த்துப் பாருங்கள்.

நிறுவும் நாளில்

முதல் வேலை, பழைய வன்தட்டில் இருப்பதை வெளியே எடுத்து வைப்பது. பத்து வருடக் கணினியில் வீட்டுத் திருமணப் படங்கள் இருக்கும், அப்பாவின் குரல் பதிவு இருக்கும். இரண்டு இடங்களில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் பென் டிரைவைத் தொடுங்கள். 32 பிட் விண்டோசிலிருந்து 64 பிட் விண்டோசுக்கு மேம்படுத்தல் வழியாக மாற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஆகவே இந்த நகல் கட்டாயம்.

கடையோ அலுவலகமோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்துப் பில்லிங் மென்பொருள்களையும் 16 பிட் நிரல்களையும் ஓட்டாது. பழைய அச்சுப்பொறிக்கு 32 பிட் டிரைவர் மட்டுமே இருந்தால் அதுவும் நின்றுபோகும். அந்த மென்பொருளை நம்பித்தான் தொழில் நடக்கிறது என்றால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அப்படியே விட்டுவிட்டு வேறொன்றில் புதியதை நிறுவுங்கள்.

கோப்பை இறக்கியதும், அது பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்துக்குப் பிராசசர் மேல் பழி போட்டவர்கள் பலர். துவக்கியதும் 'இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 பிராசசர் தேவை, இங்கே ஐ686 மட்டுமே உள்ளது' என்ற பொருளில் ஆங்கில வரி வந்து நின்றால், கணினி கெட்டுவிடவில்லை. 32 பிட் பிராசசரில் 64 பிட் கோப்பைப் போட்டிருக்கிறீர்கள். பென் டிரைவைக் கழற்றினால் பழையபடி திறக்கும்.

துவங்கிவிட்டால் உடனே நிறுவ வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் நிலையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை ஒருமுறை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு நிறுவும் பொத்தானை அழுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறிய தாளில் பிராசசரின் முழுப் பெயர், 32 அல்லது 64, எஸ்எஸ்இ4.2 உண்டா, ஏவிஎக்ஸ்2 உண்டா, ஃபர்ம்வேர் வகை, நினைவகத்தின் உச்ச அளவு, துவக்கப் பட்டியலுக்கான விசை ஆகியவற்றை எழுதி, மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகளை மறைக்காமல் ஒட்டிவிடுங்கள். சித்தப்பா மகளின் கணினியில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். நான்கு வருடம் கழித்து அவள் அதை வேறொருவரிடம் கொடுத்தால், சிஸ்டம் பக்கத்தை யார் எப்படிப் படித்தாலும், அந்தத் தாளில் முதல் வரி இப்படி இருக்கும்: கோர் 2 டுவோ டி6570, 64 பிட்.